முப்பதைத் தாண்டிய பிறகு எம்பிபிஎஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வயது 34. பெங்களூரில் மென்பொருள் வேலை. பிளஸ் டூவில் கணிதம் – கணினி அறிவியல் குரூப்; உயிரியல் படிக்கவில்லை. இனி டாக்டருக்குப் படிக்க முடியுமா?
– வாசகர், சேலம்

பதில்: முடியும். நீட் எழுத முன்பு உச்ச வயது வரம்பு இருந்தது: பொதுப்பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை எடுத்துவிட்டது. இப்போது சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருந்தால் போதும். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பில்லை.

உங்களைத் தடுப்பது வயதல்ல, உயிரியல்தான். அதற்கும் 2023 நவம்பரில் வழி பிறந்தது. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலை (அல்லது உயிரித் தொழில்நுட்பத்தை) கூடுதல் பாடமாக அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று ஆணையம் அறிவித்தது. வேலையில் இருப்பவர்களுக்கு இதில் சுலபமான வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்ஐஓஎஸ். மொத்த பிளஸ் டூவையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. ‘பகுதிச் சேர்க்கை’யில் உயிரியலை மட்டும் எடுங்கள். பாட எண் 314. எழுத்துத் தேர்வு 80, செய்முறை 20. இரண்டிலும் தனித்தனியாக 33 சதவீதம் வேண்டும். எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதிவிட்டு, செய்முறைக்கு லீவு கிடைக்காமல் கோட்டைவிட்டால் அந்தப் பருவமே வீண்.

எப்போது எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. பொதுத் தேர்வு ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை. நீட் வழக்கமாக மே மாதம். முந்தைய அக்டோபரில் உயிரியலை முடித்துவிட்டால், சான்றைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படிக்கலாம். ஏப்ரலை நம்பினால் இரண்டு தேர்வுக்கும் ஒரே மாதத்தில் ஓட வேண்டும். முடிவு தாமதமானால் கலந்தாய்வில் சிக்கல்.

நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண், 180 நிமிடம். அதில் 90 கேள்வி உயிரியல். பாதித் தேர்வே அதுதான். பொறியியல் படித்தவர்கள் பழக்கமான இயற்பியலில் நேரத்தைக் கரைத்துவிட்டு உயிரியலைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். 90 உயிரியல் கேள்விகளை 50 நிமிடத்துக்குள் முடிக்கும் வேகம் வந்தால்தான் இயற்பியல் கணக்குகளுக்கு நேரம் மிஞ்சும். இதற்கு மத்திய அரசுப் பாடநூலான என்சிஇஆர்டி உயிரியல் புத்தகம் வரிக்கு வரி தெரிந்திருக்க வேண்டும்: பதினொன்றாம் வகுப்பில் 19 பாடம், பன்னிரண்டில் 13. அதோடு நிற்கவும் கூடாது. ஆணையத்தின் நீட் பாடத்திட்டத்தில் இருக்கும் சில பகுதிகள் குறைக்கப்பட்ட என்சிஇஆர்டியில் இல்லை. மால்வேசி, கிராமினே போன்ற தாவரக் குடும்பங்கள் அதற்கு உதாரணம். பாடத்திட்டத்தை அச்செடுத்து, புத்தகத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைத் தனி நோட்டில் எழுதுங்கள். உயிரியலே தொடாதவருக்கு முழு ஒன்றரை ஆண்டு வேண்டும். ஆறு மாதம் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: 41 வயது, பி.எஸ்சி. நர்சிங் முடித்து 18 ஆண்டு அனுபவம். நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாமா? விண்ணப்பத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: நேரடிச் சேர்க்கை கிடையாது. நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, பல் மருத்துவம் என்று எது படித்திருந்தாலும் நீட் எழுதி முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் 18 ஆண்டு அனுபவத்துக்குச் சலுகை இல்லாதது வருத்தம்தான். ஆனால் விதி அப்படி.

விண்ணப்பத்தில் பலரைத் தடுக்கிவிடுவது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் கணவர் பெயர் சேர்த்து இன்னொன்று, வங்கிக் கணக்கில் மூன்றாவதாக ஒன்று. நீட் விண்ணப்பம் பத்தாம் வகுப்புச் சான்றையே அடிப்படையாகக் கொள்கிறது. விண்ணப்பம் திறப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஆதாரில் பெயரையும் பிறந்த தேதியையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாதிச் சான்று. தமிழக அரசுக் கல்லூரிகளின் 85 சதவீத மாநில இடங்களுக்கு நம் மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்று போதும். 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசு வடிவிலான ஓபிசி சான்று தனியாக வேண்டும். சம்பளம் அதிகம் என்பதால் கிடைக்காது என்று நினைத்துப் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. ‘கிரீமி லேயர்’ (வசதி காரணமாக ஓபிசி ஒதுக்கீடு பெற முடியாத பிரிவு) பார்க்கப்படுவது பெற்றோரின் நிலையை வைத்துத்தான். உங்கள் சம்பளத்தையோ கணவர் சம்பளத்தையோ வைத்தல்ல. தாலுகா அலுவலகத்தில் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அரசுப் பணியில் இருந்தால் துறையின் தடையின்மைச் சான்றுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் கேட்டால் கோப்பு நகராது.

கேள்வி: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். வயது 38. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்கும் உண்டா?
– வாசகர், தருமபுரி

பதில்: பள்ளியை விட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதால் அது போகாது. 2022 ஜனவரிக் கலந்தாய்வுக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 61 வயதில் இந்த ஒதுக்கீட்டில்தான் அழைக்கப்பட்டார். சிரமம் சான்றுகளைத் திரட்டுவதில். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை என்று குறிப்பிட்ட போனஃபைடு சான்று வாங்க வேண்டும். இருபது ஆண்டுக்கு முந்தைய பதிவேட்டைத் தேடி எடுக்க நாளாகும். கோடை விடுமுறைக்கு முன்பே போய்விடுங்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது என்பதால் அலைச்சலுக்குப் பலன் உண்டு.

தமிழில் தேர்வு எழுதலாம். வினாத்தாளில் தமிழோடு ஆங்கிலமும் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் ஆங்கிலமே இறுதி. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் தரச் சொன்ன 196 கருணை மதிப்பெண்ணை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழில் படியுங்கள், கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலும் மனப்பாடமாக வைத்திருங்கள். கல்லூரிக்குள் போன பிறகும் அது உதவும்.

கேள்வி: எத்தனை மார்க் எடுத்தால் அரசுக் கல்லூரி? படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்க்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: போன வருட மார்க்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 2024-இல் பலர் 720-க்கு 720 எடுத்தார்கள். 2025-இல் முதலிடமே 686. மாநிலத் தரவரிசைப் பட்டியலில் உங்கள் பிரிவில் எந்த ரேங்க் வரை இடம் போனது என்று மூன்று வருடத்துக்குப் பாருங்கள். ‘தகுதி பெற்றார்’ என்று வருவதும் இடம் கிடைப்பதும் வேறு வேறு. தகுதிக் கோட்டை மட்டும் தாண்டியவருக்குப் பெரும்பாலும் சுயநிதிக் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீடுதான் மிஞ்சும். அங்கே கட்டணம் ஆண்டுக்குப் பல லட்சம்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியாது. வகுப்பில் 75, செய்முறையில் 80 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். நாலரை ஆண்டுப் படிப்பு, பிறகு ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் (மருத்துவமனைப் பயிற்சி). அந்த ஓராண்டில்தான் உதவித்தொகை வரும். ஆகவே நாலரை ஆண்டு வீட்டுச் செலவுக்கு வழி செய்துவிட்டு, வீட்டுக் கடன் தவணை இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துவிட்டு ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள். முதலாம் ஆண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புதான். உடற்கூறியலில் பலர் திணறுவது இந்தக் கட்டத்தில்தான்.

கேள்வி: நீட் மார்க் குறைந்தால் வெளிநாடு போகலாமா? வயது 40.
– வாசகர், திருச்சி

பதில்: அதற்கும் நீட் தகுதி கட்டாயம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். 2021 விதிகளின்படி அங்கே ஆங்கிலவழியில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து 300-க்கு 150 எடுக்க வேண்டிய தகுதித் தேர்வு, மறுபடி இங்கே 12 மாதப் பயிற்சி. இங்கே படிப்பதைவிட ஓராண்டு கூடுதல். தகுதித் தேர்வில் தவறினால் இன்னும் நீளும். 40 வயதில் அந்தக் காத்திருப்பு கனமானது. இன்னொரு முறை நீட் எழுத ஓராண்டு செலவழிப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. போவதென்று முடிவெடுத்தால் பாடத்திட்டத்தின் மாதக் கணக்கையும் பயிற்சி நடக்கும் இடத்தையும் கல்லூரியிடமிருந்து எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள்.