எந்தக் கரையில் நிற்பது? – வாசகர் கேள்வி பதில்

ஆறு, கடல், படகுத்துறை இவற்றைப் படமெடுப்பது பற்றி மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

மே கடைசியில் குடும்பத்தோடு லண்டன், பாரிஸ், புடாபெஸ்ட் போகிறோம். மூன்றும் ஆற்றங்கரை ஊர்கள். ஊருக்கு இரண்டு மாலைதான் எனக்குக் கிடைக்கும். என்ன லென்ஸ் வாங்கிக்கொண்டு போகலாம்?
– வாசகி, செம்பூர்

லென்ஸ் பிறகு. எந்தக் கரையில், எத்தனை மணிக்கு நிற்கப்போகிறீர்கள் என்பதை இங்கிருந்தே முடிவுசெய்துகொண்டு கிளம்புங்கள். தப்பான கரையில் இறங்கிவிட்டால், பாலத்தைச் சுற்றி வருவதற்குள் வெளிச்சம் போய்விடும்.

புடாபெஸ்ட் நாடாளுமன்றம் டான்யூபின் கிழக்குக் கரையில், மேற்கே பார்த்து இருக்கிறது. நீங்கள் எதிரே, புடா பக்கத்தில் நிற்க வேண்டும். பிற்பகல் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து முகப்பில் விழும். இருட்டியதும் விளக்கு போடுவார்கள். அதன் பிம்பம் ஆற்றில் இறங்கும். லண்டனில் இது தலைகீழ். அங்கே நாடாளுமன்றமும் பிக் பென்னும் தேம்ஸின் மேற்குக் கரையில் இருக்கின்றன. எதிரே செயின்ட் தாமஸ் மருத்துவமனையை ஒட்டிய நடைபாதையிலிருந்து பார்த்தால் முகப்பில் வெயில் விழுவது காலையில்தான். மாலையில் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கும். கோபுரங்கள் கருநிழலாக நிற்கும். இரண்டுமே நல்ல படம். எது வேண்டும் என்று தெரிந்து போனால் போதும்.

நேரக் கணக்கும் மும்பைக் கணக்கு அல்ல. இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால், மறைந்து 20, 25 நிமிடத்தில் வானத்து நீலம் தீர்ந்துவிடுகிறது. வடக்கே போகப்போக அது சாய்ந்து இறங்கும். மே கடைசியில் லண்டனில் 9 மணியை ஒட்டித்தான் மறையும். அதன்பின் முக்கால் மணி நேரம் போல நீலம் நிற்கும். எனவே குடும்பத்தோடு இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டே நிதானமாக வரலாம். வானத்து வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் சமமாகத் தெரியும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆற்றங்கரைப் படத்துக்கு உயிர். வானம் கறுத்த பிறகு எடுத்தால் விளக்குகள் வெறும் வெள்ளைப் பொட்டாக வெந்துபோகும்.

இன்னொன்று: லண்டனில் தேம்ஸ் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். லண்டன் பாலத்தருகே பெரிய ஏற்றத்தின்போது வித்தியாசம் 6 மீட்டருக்கு மேல். நீர் வற்றிய நேரத்தில் போனால் பிம்பம் விழ வேண்டிய இடத்தில் சேறும் சரளையும்தான் இருக்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். லண்டன் துறைமுக ஆணையத்தின் அட்டவணை இணையத்தில் இருக்கிறது. பாரிஸிலும் புடாபெஸ்டிலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே வெள்ளம் வரும். 2016 ஜூனிலும் 2018 ஜனவரியிலும் பாரிஸில் சேன் நதி ஏறி, நீரை ஒட்டிய கீழ்க்கரைகளை மூடிவிட்டார்கள். ஆகவே மேல்சாலையிலிருந்தும் ஓர் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஃபில் கோபுரம் இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி முழுதாகும்போதும் ஐந்து நிமிடம் மினுங்கும். அந்த இரவு விளக்கலங்காரத்துக்குக் காப்புரிமை உண்டு; உங்கள் ஆல்பத்துக்கு எடுக்கலாம், விற்க வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும்.

லென்ஸ்? கேமராவோடு வரும் 18–55 மில்லிமீட்டர் லென்ஸே போதும். ஆற்றுக்கு மிக அகலமான லென்ஸ் வாங்காதீர்கள். எதிர்க்கரை ஒரு நூலாகச் சுருங்கிவிடும்; படத்தில் பாதி வானம், பாதி தண்ணீர் என்றாகும். 50 மில்லிமீட்டரில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி ஐந்தாறு படம் எடுத்து ஒட்டினால் கட்டடங்கள் உரிய உயரத்தோடு நிற்கும்.

பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) வாங்கினேன். மரீன் டிரைவில் அலைகளை எடுத்தால் எல்லாம் பால் கொட்டியதுபோல் வெளுத்து, மங்கலாகவும் வருகிறது. நிறமும் ஊதாப் பக்கம் போகிறது.
– வாசகர், தாராவி

மூன்று குறைகளுக்கும் மூன்று தனிக் காரணங்கள்.

பால்போல் ஆவது நேரம் கூடிப்போனதால். ஃபில்டர் இல்லாமல் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8-இல் கேமரா 1/60 விநாடி காட்டுகிறது என்று வையுங்கள். ஒரு ஸ்டாப் குறைத்தால் நேரம் இரு மடங்காகும்; பத்து ஸ்டாப் என்றால் ஆயிரம் மடங்கு. 17 விநாடி ஆகிவிடும். அதற்குள் இரண்டு மூன்று அலை வந்து போய்விடும், எதன் வடிவமும் தங்காது. ஆறு ஸ்டாப் ஃபில்டர் 64 மடங்குதான். அதே வெளிச்சத்தில் ஏறக்குறைய 1 விநாடி. கரையோரம் போட்டிருக்கும் நாலுகால் கான்கிரீட் கட்டைகளான டெட்ராபாடுகளின் நடுவிலிருந்து தண்ணீர் வழிந்து பின்வாங்கும்போது வெள்ளைக் கோடுகளாகத் தெரிய அரை விநாடி முதல் 1 விநாடிதான் சரி. அலை அடிக்கும்போது அழுத்தாதீர்கள், அது திரும்பத் தொடங்கும் நொடியில் அழுத்துங்கள். பத்து ஸ்டாப்பைத் தூக்கிப்போட வேண்டாம். ஹாஜி அலி தர்கா போல நடுவில் அசையாத ஒரு பொருள் இருந்து, சுற்றிலும் தண்ணீர் வழுவழுப்பாக வேண்டும் என்கிற இடத்துக்கு அதுதான்.

மங்கலுக்குப் பெரும்பாலும் ஃபோகஸ்தான் காரணம். அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாகக் கேமராவால் குறிபார்க்க முடியாது. முதலில் ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் செய்து, லென்ஸில் உள்ள சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளி, அதன்பிறகு ஃபில்டரைத் திருகுங்கள். திருகும்போது ஃபோகஸ் வளையத்தில் விரல் படக்கூடாது. இரண்டு விநாடி டைமர் போடுங்கள். ட்ரைபாடில் வைத்ததும் லென்ஸின் அசைவுக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். கடல்காற்றில் கேமரா வார் படபடவென்று அடிக்கும். அதைக் கழற்றுங்கள் அல்லது சுருட்டிக் கட்டுங்கள். எடைக்காக ட்ரைபாடின் நடுக்கொக்கியில் பையை மாட்டினால் அது தரையை லேசாகத் தொட வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் ஊசலாடி ட்ரைபாடையும் சேர்த்து ஆட்டும்.

நிறமாற்றம் விலை குறைந்த ஃபில்டர்களின் குணம். ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப்பதிவாக) எடுத்து, வீட்டில் வெண்சமநிலையை (வைட் பாலன்ஸ்) திருத்தினால் பெரும்பாலும் சரியாகும். டிஎஸ்எல்ஆர் கேமராவாக இருந்தால் கண்வைத்துப் பார்க்கும் துளையையும் மூடுங்கள். நீண்ட நேரம் திறந்திருக்கும்போது அந்த வழியாக வெளிச்சம் கசிந்து படத்தில் கறையாகும்.

ட்ரைபாடின் கீழ்க்கால் பூட்டு இறுகிவிட்டது. அக்சா கடற்கரையில் இரண்டு முறைதான் தண்ணீரில் நிறுத்தினேன். எண்ணெய் விடலாமா?
– வாசகர், மலாட்

எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் உராய்ந்து பிடிப்பதால்தான் கால் நிற்கிறது. அவற்றில் எண்ணெய் பட்டால் கால் வழுக்கும். மணலும் வந்து ஒட்டும்.

முறுக்குப் பூட்டுள்ள காலை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். காய்ந்த உப்பு கரையும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு முறுக்கினால் பெரும்பாலும் இளகிவிடும். பிறகு பூட்டை முழுவதுமாகக் கழற்றி, மெல்லிய கீழ்க்காலை மெதுவாக உருவுங்கள். அரைவட்டமாக இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் கழன்று விழும். அவற்றின் முதுகில் உள்ள சிறு மொட்டு குழாயின் எந்தத் துளையில் உட்கார்ந்திருந்தது என்பதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் பூட்டு பிடிக்காது. மரையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, கழுவி, ஓர் இரவு உலரவிடுங்கள். மரையில் மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள், பட்டைகளில் தடவக்கூடாது.

இனிமேல் தண்ணீரில் நிறுத்தும்போது மேல்காலை அல்ல, அடியில் உள்ள மெல்லிய காலை முதலில் முழுதாக இழுங்கள். பூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும். உப்பும் மணலும் அதற்குள் போகாது. வீட்டுக்கு வந்த அன்றே கழுவ வேண்டும், மறுநாள் அல்ல.

என்னிடம் போன் மட்டும்தான். ஆற்றில் தெரியும் பிம்பத்தை எப்படி எடுப்பது?
– வாசகி, மாட்டுங்கா

போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் கீழே வந்து தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கும். சிறு குட்டையில்கூட முழுக் கட்டடத்தின் பிம்பம் விழும். திரையில் பிரகாசமான இடத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, சற்றுக் குறையுங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்துவிட்டு, பிறகு லாங் எக்ஸ்போஷர் என்று மாற்றினால் ஓடும் தண்ணீர் பட்டுப்போல் ஆகும். ஆண்ட்ராய்டில் ப்ரோ மோட் இருந்தால் அதில் ஷட்டரை நீங்களே வைக்கலாம். கடற்கரையில் லென்ஸ்மேல் உப்புப் படலம் படியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடையுங்கள்.

காசியில் விடியற்காலை படகிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அசைந்திருக்கின்றன. ஸ்டெபிலைசர் (அசைவுக் கட்டுப்பாடு) போட்டுத்தான் எடுத்தேன். மறுபடி போகப்போகிறேன்.
– வாசகர், வாஷி

அந்த வசதி உங்கள் கைநடுக்கத்தைத் தாங்கும், படகின் ஆட்டத்தைத் தாங்காது. ஷட்டரை 1/250-க்குக் கீழே விடாதீர்கள். மோட்டார் படகானால் 1/500. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று தாராளமாக ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளிகள் விழுந்தாலும் படம் பிழைக்கும்; அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றாதீர்கள், எஞ்சின் அதிர்வு நேரே கேமராவுக்கு வரும். துடுப்புப் படகு பேசிக்கொள்வது நல்லது. துடுப்பு தண்ணீரை விட்டு மேலே வரும் கணத்தில் படகு சற்று அமைதியாகும், அப்போது அழுத்துங்கள்.

படித்துறைகள் மேற்குக் கரையில் கிழக்கே பார்த்திருப்பதால், உதித்த அரை மணி நேரம் படிகளின்மேல் பொன்வெயில் நேராக விழும். சூரியனே படத்தில் வேண்டுமானால் படியில் நின்று எதிர்க்கரையைப் பாருங்கள். மழைக்காலத்தில் கங்கை ஏறிப் படிகள் மூழ்கிவிடும். மணிகர்ணிகாவிலும் அரிச்சந்திரா துறையிலும் சிதையை எடுக்காதீர்கள். எதிரே இருப்பது ஒரு வீட்டுத் துக்கம். படகு கடக்கும்போது கேமராவை மடியில் இறக்கிவிடுங்கள்.

ஆற்றுக்குப் போலரைசர் (நீரின் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) கட்டாயமா?
– வாசகர், கோலிவாடா

கூழாங்கல்லும் மீனும் தெரிய வேண்டிய தெளிந்த ஓடைக்கு அவசியம். நீர்ப்பரப்பிலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது அதன் வேலை உச்சத்தில் இருக்கும். ஆனால் அது பிம்பத்தையும் சேர்த்து அழிக்கும். நகரத்து மாலை விளக்குப் படத்துக்குக் கழற்றிப் பையில் போடுங்கள். ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சமும் மிச்சம்.

மழைக்காலத்தில் மரீன் டிரைவில் பேரலை அடிக்கும்போது எவ்வளவு கிட்டே போகலாம்?
– வாசகர், அந்தேரி

கிட்டே போகவே வேண்டாம். மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் 4.5 மீட்டரைத் தாண்டும் கடலேற்ற நாட்களின் பட்டியலை வெளியிடுகிறது; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் பெரும்பாலும் வரும். அந்த நேரத்துக்கு அரை மணி முன்பே போய், சாலையின் இந்தப் பக்கம், கட்டடங்களை ஒட்டி நில்லுங்கள். 70–200 லென்ஸ், 1/1000 விநாடி, தொடர்ச்சியாகச் சுடும் முறை. நரிமன் பாயிண்ட் முனையிலிருந்து வடக்கே பார்த்தால் வளைவு முழுவதும் அலைக்குப் பின்னால் வந்து சேரும். மதில்மேலும் டெட்ராபாடுகள்மேலும் ஏறாதீர்கள். அவை பாசி பிடித்தவை. இடுக்கில் விழுந்தவரை அலை வெளியே விடாது.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வேர்க்கும். இறங்குவதற்கு முன்பே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, இறங்கிய பிறகு அரை மணி நேரம் அப்படியே விட்டுத் திறவுங்கள். சாரல் பட்டால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும்.