இரண்டு மீட்டர் பழகிய கண்ணுக்கு எந்தக் கேமரா?

தெருவிலும் சந்தையிலும் படம் எடுக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த மாதம் அதிகம். சிறிய கேமரா, நல்ல லென்ஸ், அதை எப்போது மாற்றுவது என்பதைச் சுற்றியே பலரும் கேட்டிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஸ்டுடியோ நடத்துகிறவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

கேள்வி: ரிக்கோ ஜிஆர் 2 வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சந்தையில்தான் பெரும்பாலும் படம் எடுப்பேன். இப்போது கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. ஜிஆர் 3, ஜிஆர் 3எக்ஸ், புதிதாக வந்திருக்கும் ஜிஆர் 4, ஃபூஜிஃபிலிம் எக்ஸ்100-6 ஆகியவற்றில் எதற்கு மாறலாம்?
– தொழிற்சாலை ஊழியர், போச்சம்பள்ளி

பதில்: கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த சில மாதங்களில் நீங்கள் கழித்துப் போட்ட படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று பாருங்கள். கை ஆடியதா, எதிரில் இருந்தவர் அசைந்தாரா, ஃபோகஸ் பின்னால் போய்விட்டதா, தூரத்தில் நின்றுவிட்டீர்களா, அழுத்தத் தாமதமா? தூரமும் தாமதமும் எந்தக் கேமராவாலும் தீராதவை. மற்றவற்றுக்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும்.

உங்கள் ஜிஆர் 2, 2015-இல் வந்தது. 16 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி என்ற அளவுள்ள சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு), 28 மி.மீ. பார்வைக்கு இணையான எஃப் 2.8 லென்ஸ். மி.மீ. எண் குறைந்தால் பார்வை அகலும்; எஃப் எண் கூடினால் லென்ஸின் துவாரம் சிறுத்து, தெளிவாக விழும் தூரம் கூடும். ஜிஆர் 3, 2019-இல் வந்தது. லென்ஸின் பார்வை அதே 28. சென்சார் 24 மெகாபிக்சல் ஆனது, கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி உள்ளே வந்தது, தொடுதிரை வந்தது. போனது ஒன்று உண்டு. உங்கள் கேமராவின் மூலையிலிருந்து எழும்பும் அந்தச் சிறிய ஃப்ளாஷ் ஜிஆர் 3-இல் கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு கடைக்காரர்கள் பல்பு மாட்டும் நேரத்தில் ஃப்ளாஷ் போட்டு எடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்த இழப்பு பெரியது. தனி ஃப்ளாஷ் மாட்டினால் சட்டைப் பைக் கேமரா என்ற பெயரே போய்விடும்.

கை நடுக்கச் சமன்பாட்டைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அது உங்கள் கையை மட்டும்தான் நிறுத்தும். தராசுத் தட்டில் தக்காளியை அள்ளிப் போடும் கையை அது நிறுத்தாது. மக்கள் நடமாடும் இடத்தில் நொடிக்கு 125-இல் ஒரு பங்கு, முடிந்தால் 250-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் 28 மி.மீ. லென்ஸுக்குக் கை நடுக்கம் ஒரு பிரச்சினையே இல்லை. கோயில் மண்டபம், விடியற்காலைத் தெரு போன்ற அசையாத காட்சிகளில் சமன்பாடு அருமையாக உதவும். நீங்கள் எடுப்பது சந்தை.

இனி முக்கியமான விஷயம், லென்ஸின் பார்வை. ஜிஆரில் ஸ்னாப் ஃபோகஸ் என்ற வசதியை நீங்கள் பயன்படுத்துவீர்கள் என்று நம்புகிறேன். தூரத்தை 2 மீட்டர் என்று முன்பே வைத்துவிட்டு, ஷட்டரை நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால், கேமரா ஃபோகஸைத் தேடாமல் உடனே படத்தை எடுத்துவிடும். உங்கள் 28-இல் எஃப் 8 வைத்து 2 மீட்டரில் நிறுத்தினால், ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து 20 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். 40 மி.மீ. பார்வை கொண்ட 3எக்ஸில் அதே எஃப் 8, அதே 2 மீட்டர் வைத்தால் தெளிவு சுமார் 1.4 மீட்டரிலிருந்து 3.6 மீட்டர் வரைதான். 35 மி.மீ. பார்வை கொண்ட எக்ஸ்100-இல் சுமார் 1.3-இலிருந்து 4.7 மீட்டர் வரை. எண்களில் சிறியதாகத் தெரியும் இந்த வித்தியாசம் சந்தையில் மிகப் பெரியது.

காரிமங்கலம் மாட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரும் தரகரும் தோள் துண்டை இருவர் கைகள் மேலும் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். துண்டின் மடிப்பு இப்படியும் அப்படியும் அசைகிறது. தரகரின் முகத்தில் ஒன்றும் தெரியாது. வாங்குபவரின் தாடை மட்டும் இறுகுகிறது. பின்னால் மாட்டுக்காரர் கயிற்றைப் பிடித்தபடி இவர்கள் கையையே பார்க்கிறார். துண்டு உங்களிடமிருந்து ஒரு மீட்டரில், மாட்டுக்காரர் ஐந்து மீட்டரில். 28-இல் இந்த மூவரும் ஒரே படத்தில் தெளிவாக வருவார்கள். 40-இல் ஒருவரை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுப்பதிலும் அழகு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் 28-இல் பழகிய உங்கள் கால், எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைத் தானே அறியும். பார்வை மாறினால் அதைப் புதிதாகப் பழக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

வாங்காமலே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. உங்கள் ஜிஆர் 2-இல் படத்தை வெட்டி 35, 47 மி.மீ. பார்வையில் எடுக்கும் அமைப்பு உண்டு. நாலு வாரம் சந்தைக்கு 35-இலேயே போங்கள். மூச்சு முட்டினால் 28-ஐ விடாதீர்கள். நிம்மதியாக இருந்தால் எக்ஸ்100 பக்கம் பாருங்கள். 47-இல் மனம் ஒன்றினால் மட்டும் 3எக்ஸ்.

உங்கள் கடிதத்தை வைத்து நான் சொல்லும் முடிவு இது. கழித்த படங்களில் ஃபோகஸ் கோளாறும் மங்கலான வெளிச்சத்தில் படம் முழுக்க விழும் இரைச்சல் புள்ளிகளும்தான் அதிகம் என்றால் ஜிஆர் 3-க்கு மாறுங்கள். பணம் தாராளமாக இருந்தால் 2025-இல் வந்த ஜிஆர் 4. அதுவும் 28 தான், கை நடுக்கச் சமன்பாடு ஐந்து அச்சுகளில் வேலை செய்கிறது, உள் நினைவகமே 53 ஜிபி. ஆனால் அதற்கு மைக்ரோ எஸ்டி கார்டு வேண்டும், உங்களிடம் உள்ள பழைய கார்டுகள் பொருந்தா. எதற்கு மாறினாலும் ஜிஆர் 2-ஐ விற்காதீர்கள். அந்த ஃப்ளாஷுக்காகவே அது வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: என் ஜிஆரில் எடுக்கும் படங்களில் வானத்தில் சாம்பல் நிறப் புள்ளி விழுகிறது. லென்ஸை எத்தனை முறை துடைத்தாலும் போகவில்லை.
– பர்கூர் வாசகர்

பதில்: லென்ஸைத் துடைப்பதை உடனே நிறுத்துங்கள். புள்ளி சென்சாரில் இருக்கிறது. வெளியே நீண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும் லென்ஸ், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்றையும் உள்ளே இழுக்கிறது. ஜிஆர் வரிசைக் கேமராக்களுக்குத் தூசியைத் தடுக்கும் அடைப்பு கிடையாது. கிரானைட் அறுக்கும் நம் பகுதித் தூசியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உறுதி செய்துகொள்ள, எஃப் 16 வைத்து, மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பாருங்கள். புள்ளி ஒரே இடத்தில் அழுத்தமாக விழுந்தால் அது சென்சார் தூசி. எஃப் 2.8-இல் அது கரைந்து காணாமல் போகும். ஜிஆர் 3-இல் சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதி மெனுவில் இருக்கிறது, முதலில் அதை ஓட்டிப் பாருங்கள். ஜிஆர் 2-இல் அது இல்லை. லென்ஸ் பகுதியைப் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும், அது சர்வீஸ் மையத்தின் வேலை. அழுத்தக் காற்று டப்பாவை லென்ஸ் இடுக்கில் வைத்து அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள், தூசி இன்னும் உள்ளே போகும்.

இனிமேல் கால்சட்டைப் பையில் போடாதீர்கள். பையின் பஞ்சும் மண்ணும்தான் முதல் எதிரி. வாயை இறுக்கிக் கட்டும் சிறிய துணிப் பை ஒன்று தைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை துவைத்து வாருங்கள். மண் பறக்கும் இடத்தில் கேமராவை அடிக்கடி அணைத்து அணைத்துப் போடுவதும் வேண்டாம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். அப்பாவின் பழைய எக்ஸ்100 இருக்கிறது. கடைவீதியில் அதை எடுத்தாலே எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். தெரியாமல் எடுப்பது சரியா, கேட்டு எடுத்தால் படம் செயற்கையாகிவிடுமா?
– வாசகி, தர்மபுரி

பதில்: முதலில், உங்கள் கையில் இருப்பது 2011-இல் இந்த வரிசையைத் தொடங்கி வைத்த கேமரா. அதன் 12 மெகாபிக்சல் இன்றும் போதும். மாற்ற வேண்டும் என்று யாரும் உங்களை அவசரப்படுத்த விடாதீர்கள். அதன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் மிகக் குறைவு. மெனுவில் ஒலிகளையும், ஃபோகஸுக்காக எரியும் விளக்கையும் அணைத்துவிடுங்கள். பாதிப் பார்வைகள் அதிலேயே குறையும்.

கேட்டு எடுப்பதைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து இருக்கிறது. கூட்டத்தை எடுக்க அனுமதி கேட்க முடியாது, வேண்டியதும் இல்லை. ஒருவரின் முகமே படம் என்றால் கேளுங்கள். “அக்கா, உங்கள் கடையை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டால், முதல் இரண்டு படங்களுக்கு அவர் நிமிர்ந்து உட்காருவார். மூன்றாவது ஆள் வந்து கொத்தமல்லிக் கட்டு என்ன விலை என்று கேட்டதும் உங்களை மறந்துவிடுவார். உங்கள் படம் அங்கேதான் இருக்கிறது, அதுவரை காத்திருங்கள். வேண்டாம் என்று கையசைத்தால் கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். குழந்தைகளை அம்மா, அப்பாவிடம் கேட்காமல் எடுக்கவே வேண்டாம்.

நம் மாவட்டங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் வசதி வாரச் சந்தை. செவ்வாய்க்கிழமை காரிமங்கலத்தில் படம் எடுத்தால், அடுத்த செவ்வாய் அநேகமாக அதே இடத்தில் அதே ஆள் கோணியை விரித்திருப்பார். நாலுக்கு ஆறு பிரிண்ட் ஒன்று போட்டுக் கையில் கொடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் “என்னையும் எடுங்கள்” என்பார். அதன் பிறகு உங்களை யாரும் வெறித்துப் பார்க்க மாட்டார்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தோழி ஒருவரோடு போங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

உங்கள் ஊரிலேயே பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. உரியவர்களிடம் அனுமதி பெற்று அங்கே எடுத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: வெள்ளைக் கூடுகள் குவிந்திருக்கும் காட்சியைக் கேமரா தானாக அளந்தால் சாம்பலாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வையுங்கள். நண்பகலில் வெள்ளை வேட்டி கட்டியவரைத் தெருவில் எடுக்கும்போது இதற்கு நேர் எதிர். வேட்டி வெளுத்துப் போகாமல் கொஞ்சம் குறைத்து எடுத்து, ரா கோப்பிலிருந்து (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) முகத்தின் நிழலை மீட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸில்தான் எடுத்தார் என்கிறார்கள். அப்படியானால் 28 தவறா?
– ஓசூர் வாசகர்

பதில்: இல்லை. 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் இறுதி நாட்களில், கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் நமக்கு அருகே திருவண்ணாமலைக்கே வந்து படம் எடுத்தார். 50 அவர் கண்ணுக்குப் பொருந்தியது. ஜப்பானின் தெருப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா ஜிஆர் கேமராவின் 28-இல் தெருவை அள்ளினார். இருவர் படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்களுக்கு எது நெருக்கம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: பெங்களூருவில் பழைய கேமரா வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– பாலக்கோடு ஆசிரியர்

பதில்: சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் உங்கள் கார்டும் எடுத்துப் போங்கள். மேலே சொன்ன எஃப் 16 வானச் சோதனையைக் கடை வாசலிலேயே செய்யுங்கள். பத்து முறை இயக்கி அணைத்து, லென்ஸ் தடையில்லாமல் வந்து போகிறதா, உரசும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிப் பாருங்கள். ஒரு சொடுக்குக்கு ஒரு எண் மாற வேண்டும், தாவக் கூடாது. பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள். முதல் பில் இல்லாத பொருளை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள். ஜிஆர் 3 என்றால் கூடுதலாக இன்னொரு பேட்டரிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு பேட்டரி சுமார் 200 படங்கள்தான் தாங்கும், சந்தைக்கு அது போதாது. பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏற்றலாம் என்பது ஓர் ஆறுதல்.

கேள்வி: ஒகேனக்கல் பரிசலில் எந்தச் சிறிய கேமராவைக் கொண்டு போகலாம்?
– பென்னாகரம் வாசகர்

பதில்: ஜிஆர் வேண்டாம், சாரல் அதற்கு ஆகாது. எக்ஸ்100-5, எக்ஸ்100-6 இரண்டுக்கும், லென்ஸ் முன்னால் அதற்குரிய வளையத்தையும் 49 மி.மீ. ஃபில்டரையும் மாட்டினால்தான் சாரலைத் தாங்கும் பாதுகாப்பு முழுமையாகும். அப்படி மாட்டியிருந்தாலும் ஆற்றில் விழுந்தால் பிழைக்காது. கழுத்தில் வாரைப் போட்டு, அருவியை நெருங்கும்போது ஜிப் பையில் வைத்துவிடுங்கள். பரிசல் ஓட்டியை எடுக்க நினைத்தால், கரையில் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு அவர் நடந்து வரும்போது எடுங்கள். 28-க்கு அது நல்ல காட்சி, கேமராவும் நனையாது.