ஐந்து சைக்கிள்களையும் சுவரில் மாட்ட வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து சைக்கிள்கள் உள்ளன. கணவருடையது கியர் வைத்த ரேஸ் சைக்கிள், என்னுடையது கூடையும் கேரியரும் உள்ள சாதாரண சைக்கிள். பத்து வயதிலும் ஏழு வயதிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று, மாமனாருக்கு ஒரு பேட்டரி சைக்கிள். ஐந்தையும் கார் ஷெட்டில், காருக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைக்கிறோம். ஒன்றை எடுத்தால் இன்னொன்று சரிகிறது. கார் கதவில் இரண்டு முறை கீறல் விழுந்துவிட்டது. எல்லாவற்றையும் கொக்கி அடித்துச் சுவரில் மாட்டிவிடலாம் என்கிறார் கணவர். சக்கரத்தில் தொங்கவிட்டால் சைக்கிள் கெட்டுப்போகாதா?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தொங்கவிடுவதால் சக்கரம் கெடாது. ஓட்டுபவரின் எடையையும் சாலைப் பள்ளங்களின் அதிர்வையும் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட சக்கரத்துக்கு, பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள வெறும் சைக்கிள் ஒரு பாரமே அல்ல. கொக்கி ரப்பர் உறை போட்டதாக இருந்து, ரிம்மின் உட்புறத்தில் சரியாகப் பொருந்தி உட்கார்ந்தால் போதும். ஆயினும் ஐந்தையும் மாட்டும் யோசனையை நான் ஏற்கவில்லை. அதைக் கணவரிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

காரணம் எளியது. மாட்டிய சைக்கிளை யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் தூக்கி இறக்க வேண்டும். உங்கள் சைக்கிள் கூடை, கேரியர், மட்கார்டு எல்லாம் சேர்ந்து பதினைந்து கிலோவுக்குக் குறையாது. பேட்டரி சைக்கிள் இருபது கிலோவைத் தாண்டும். அதை உங்கள் மாமனார் தலைக்கு மேல் தூக்குவதை நினைத்துப் பார்க்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளுக்கோ கொக்கி எட்டாது. ஒவ்வொரு மாலையும் பெரியவர் யாராவது வந்து இறக்கிக் கொடுக்க வேண்டுமென்றால், சில நாள்களிலேயே அவர்கள் சைக்கிள் ஓட்டக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். உங்கள் வீட்டில் மாட்டுவதற்குப் பொருத்தமானது ஒன்றே ஒன்றுதான்: எடை குறைந்ததும், தூக்கும் வலுவுள்ளவரே ஓட்டுவதுமான ரேஸ் சைக்கிள்.

அடுத்த வேலைக்கு முன்னால் கார் கதவில் விழுந்த கீறல்களைக் குனிந்து கவனியுங்கள். கீறல் கைப்பிடியின் உயரத்தை ஒட்டித் தொடங்கிக் கீழ்நோக்கி இழுத்திருந்தால் சைக்கிள் சரிந்து விழுந்திருக்கிறது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பெடல் மட்டத்தில், கிடையாக ஓடியிருந்தால் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது உரசியிருக்கிறது. இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு. முதலாவதற்குச் சைக்கிள் சாயாமல் நிற்க வழி செய்ய வேண்டும். இரண்டாவதற்கு எத்தனை ஸ்டாண்டு வாங்கினாலும் பயனில்லை, ஏனென்றால் குறை வழியின் அகலத்தில் இருக்கிறது. சைக்கிளைப் பக்கத்தில் பிடித்தபடி ஒருவர் நடந்து செல்ல ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம் வேண்டும். அவ்வளவு இடம் காருக்கும் சுவருக்கும் நடுவில் இல்லையென்றால், அடிக்கடி எடுக்கும் சைக்கிள்கள் காரைத் தாண்டி வரவே தேவையில்லாதபடி ஷெட்டின் வாசல் பக்கமாகவே நிற்க வேண்டும்.

தரையில் நிறுத்தும்போது இடத்தை விழுங்குவது சக்கரமோ உடலோ அல்ல, கைப்பிடிதான். கைப்பிடிகள் ஐம்பது அறுபது சென்டிமீட்டர் அகலம் இருப்பதால், நான்கு சைக்கிள்களை ஒரே பக்கம் பார்த்து நிறுத்தினால் இரண்டு மீட்டருக்கு மேல் போய்விடும். மேலும் ஒன்றின் பிரேக் லீவர் மற்றதன் வயருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். நீங்கள் ஒன்றை இழுக்கும்போது அடுத்தது கூடவே வருவது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே ஒன்றின் முன்சக்கரம் சுவரைப் பார்க்குமாறும் அடுத்ததன் பின்சக்கரம் சுவரைப் பார்க்குமாறும் தலைமாற்றி நிறுத்துங்கள். ஒன்றின் கைப்பிடிக்கு நேராக மற்றதன் ஒடுங்கிய பின்பகுதி வந்துவிடுவதால், ஒவ்வொன்றுக்கும் நாற்பது சென்டிமீட்டர் அளவு இடமே போதுமானதாகிவிடும். நிறுத்தியபின் பெடல்களைச் சற்றே சுழற்றி, ஒன்றின் பெடல் இன்னொன்றின் கம்பிகளுக்குள் நுழையாதபடி பார்த்துக்கொள்வதும் அவசியம்.

சக்கரத்தின் அடிப்பகுதியை மட்டும் ஒரு குறுகிய பிளவில் செருகி நிறுத்தும் தாழ்வான ஸ்டாண்டுகளை வாங்காதீர்கள். யாராவது இடித்துச் சைக்கிள் பக்கவாட்டில் சாய்ந்தால் மொத்த எடையும் அந்தச் சக்கரத்தைத் திருகும். ரிம் கோணலாகும், டிஸ்க் பிரேக் இருந்தால் அதன் தகடும் வளையும். சக்கரத்தின் பாதி உயரம் வரையாவது பற்றிக்கொள்ளும் ஸ்டாண்டே நல்லது. உங்கள் சைக்கிளில் நடு ஸ்டாண்டு இருந்தால் அதற்கு வேறெதுவும் வேண்டாம்.

பிள்ளைகளின் சைக்கிள்கள் வாசலுக்கு மிக அருகில் இருக்கட்டும். முன்சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் பெயிண்டால் ஆளுக்கொரு கோடு போட்டுவிடுங்கள். வைப்பதற்குச் சிரமப்பட வேண்டியிருந்தால் எந்தக் குழந்தையும் சைக்கிளைக் கிடைத்த இடத்தில் போட்டுவிட்டு ஓடத்தான் செய்யும், அதற்காக அவர்களைக் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை.

இனி ரேஸ் சைக்கிளுக்கு வருவோம். முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் சுவரின் அகலம் மிச்சமாகும், ஆனால் சைக்கிள் சுவரிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். காரின் பக்கவாட்டில் இது ஒத்துவராது. மாறாக, காரின் முன்பக்கம் பார்க்கும் சுவரில், பானெட்டுக்கு மேலே, இரண்டு தாங்கிகள் பொருத்திச் சைக்கிளைச் சுவருக்கு இணையாகக் கிடையாக வைத்தால், வீணாகக் கிடக்கும் இடம் பயன்படும். சுவரின் நீளத்தில் ஒன்றே முக்கால் மீட்டர் போகும், அவ்வளவுதான். கார் குறிப்பிட்ட இடத்தைத் தாண்டி முன்னே வராமலிருக்கத் தரையில் ஒரு தடுப்புக் கட்டை பொருத்திவிடுங்கள். சட்டகம் கார்பனால் ஆனதென்றால் அது தாங்கியின் மேல் அமர்ந்திருக்கலாமே தவிர, எந்தக் கிளாம்பும் அதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பிரேக் ஹைட்ராலிக் வகையாக, அதாவது வயருக்குப் பதில் குழாயிலுள்ள திரவத்தால் இயங்குவதாக இருந்து பின்னாளில் செங்குத்தாகத் தொங்கவிட நேர்ந்தால், இறக்கியதும் லீவரை நாலைந்து முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சாலைக்குப் போக வேண்டும். அப்போதும் லீவர் மெத்தென்று உள்ளே போனால் குழாயில் காற்று இருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

துளை போடும் விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நானே பொருத்திய ஒரு கொக்கி ஒரு நள்ளிரவில் சைக்கிளோடு கீழே வந்துவிட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, திருகாணி பிடிப்பதற்காகத் துளைக்குள் செருகும் பிளக் முழுசாக, அதைச் சுற்றி உள்ளங்கை அளவு சிமெண்ட் பூச்சோடு தரையில் கிடந்தது. பிளக்கின் பெரும்பகுதி பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது, செங்கல்லுக்குள் போனது நுனி மட்டுமே. யாருக்கும் அடிபடவில்லை என்பது என் அதிர்ஷ்டம். பூச்சின் கனத்தைக் கழித்தபின் பிளக் முழுவதும் செங்கல்லுக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ இருக்கும்படி ஆழமாகத் துளையிடச் சொல்லுங்கள். செங்கற்களுக்கு இடையேயுள்ள இணைப்பில் துளை வேண்டாம். உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கென்றே விற்கும் ஆங்கர் வேண்டும். பொருத்தி முடித்ததும் இரண்டு கைகளாலும் தாங்கியைப் பலமாகக் கீழே இழுத்துப் பார்த்து, அசைவே இல்லையென்று உறுதியான பிறகுதான் சைக்கிளை ஏற்ற வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மாமனாரின் சைக்கிளை எங்கே, எப்போது சார்ஜ் செய்கிறீர்கள்? கார் ஷெட்டில் பெட்ரோல் இருக்கும், பெயிண்டும் தின்னரும் இருக்கக்கூடும், பழைய அட்டைப் பெட்டிகளும் இருக்கும். லித்தியம் பேட்டரி தீப்பிடிப்பது அரிதென்றாலும், பிடித்தால் மிக வேகமாகப் பரவும், அணைப்பதும் கடினம். ஆகவே எரியக்கூடிய பொருள்களை அந்த மூலையிலிருந்து அகற்றுங்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி, தரை வெறுமையாக உள்ள காற்றோட்டமான வேறிடத்தில் சார்ஜ் செய்யுங்கள். வீட்டிலிருந்து வெளியேறும் வழியில் மட்டும் வைக்கக் கூடாது. சைக்கிளுடன் வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் போட்டு, நிறைந்ததும் எடுத்துவிட வேண்டும். இரவு போட்டுவிட்டுத் தூங்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, கீழே விழுந்து அடிபட்டிருந்தாலோ, வழக்கமில்லாத வாடை வந்தாலோ மறுபடி சார்ஜில் போடாமல் விற்றவரிடம் காட்டுங்கள். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால், பேட்டரியை ஏறத்தாழப் பாதி சார்ஜில், வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வையுங்கள்.

மழையில் நனைந்து வந்த சைக்கிளைத் துடைத்து, செயினில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நிறுத்துங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கித் துருவேறும், பருத்தித் துணியே போதும். காற்றில்லாமல் நிற்கும் டயரின் பக்கவாட்டில் விரிசல் விழும் என்பதால் ஓட்டாத சைக்கிளுக்கும் மாதம் ஒருமுறை காற்றடியுங்கள்.

ஸ்டாண்டு, தாங்கி எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் தரையிலும் சுவரிலும் சாக்பீஸால் இந்த இடங்களைக் கோடிட்டு, அதன்படியே நிறுத்தி எடுத்துப் பாருங்கள். கார் கதவுகள் முழுதாகத் திறக்கின்றனவா, மாமனார் யாருடைய உதவியுமின்றித் தம் சைக்கிளை வெளியே கொண்டுவர முடிகிறதா என்பது அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். கோட்டை அழித்து மாற்றிப் போட முடியும், சுவரில் போட்ட துளையை அப்படி மாற்ற முடியாது.