டிராக்டரின் அடிப்பக்கம்

மதிப்பிற்குரிய ஐயா,

அண்மையில் காலமான என் பெரியப்பாவின் அலமாரியைப் பிரித்தபோது, 1:16 அளவிலான சிவப்பு டிராக்டர் பொம்மை ஒன்று எனக்கு வந்து சேர்ந்தது. உலோக உடல், ரப்பர் டயர்கள். முன்சக்கரம் ஒன்று இல்லை, ஸ்டியரிங் உடைந்திருக்கிறது, பெயின்ட் பல இடங்களில் பெயர்ந்துவிட்டது, பக்கவாட்டு எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன. பெயின்டை முழுவதுமாக நீக்கிப் புத்தம் புதிதாக்கிவிடலாம் என்றிருக்கிறேன். பின்பக்கம் இரட்டைச் சக்கரமும் முன்பக்கம் மண் அள்ளும் லோடரும் பொருத்தவும் ஆசை. பெயின்டுக்கு அடியில் பூச எந்த பிரைமர் நல்லது? காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் பெயின்ட் எளிதில் கழன்றுவிடும் என்கிறார்களே, செய்யலாமா? துத்தநாகப் பொம்மைகளுக்கு வரும் நோய் பக்கத்தில் இருப்பவற்றுக்கும் பரவுமா? புதுப்பித்தால் மதிப்பு குறைந்துவிடுமா? இந்த வயதில் பொம்மையோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டில் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பதில் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு சக்கரத்தைத் துடைத்துவிடலாம். மதிப்பைப் பற்றிய கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை; பெரியப்பாவின் அலமாரியிலிருந்து வந்த பொருளை விற்கும் எண்ணம் இருந்தால் என்னிடம் கேட்டிருக்க மாட்டீர்கள், எண்ணம் இல்லையென்றால் அந்தக் கேள்வியே தேவையில்லை. துத்தநாக நோய் பரவாது. பெயர்தான் நோய், கிருமி எதுவும் கிடையாது. வார்த்த கலவையில் ஈயம் போன்ற மாசு சிறிதளவு கலந்திருந்தால், ஈரப்பதம் பட்டுப் பட்டு, உலோகத்தின் நுண்ணிய மணிகளுக்கு இடையே அரிப்பு ஊடுருவும். பொம்மை முதலில் உப்பும், பின் விரிசல் விடும், கடைசியில் விரலுக்கிடையில் பிஸ்கட்டைப்போல நொறுங்கும். வார்த்த நாளிலேயே அதன் விதி எழுதப்பட்டுவிட்டது. பக்கத்துப் பொம்மை அதே மாசுள்ள கலவையில் வார்த்ததாக இருந்தால் அதுவும் போகும். அதைத் தொற்று என்று நினைத்து ஒரு பொம்மையைத் தனியறையில் பூட்டிவைத்தவரை நான் அறிவேன்.

இனி, நீங்கள் எழுதியவற்றில் என்னைக் கோபப்படுத்தியதற்கு வருகிறேன். உலோகம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்த உலோகம்? அதைத் தெரிந்துகொள்ளாமலேயே காஸ்டிக் சோடாவரை போய்விட்டீர்கள். மருத்துவர் ஒருவர் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கத்தியைக் கையிலெடுப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஒரு காந்தத்தை எடுத்து உடலின்மேல் வையுங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு அல்லது இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் அலுமினியமோ துத்தநாகக் கலவையோதான். அந்த இரண்டையும் கை எடை காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அதே பருமனுள்ள துத்தநாகம் அலுமினியத்தைப்போல இரண்டரை மடங்கு கனக்கும். வார்ப்பிரும்பைக் காஸ்டிக் சோடா ஒன்றும் செய்யாது. துத்தநாகத்தை மெல்லத் தின்னும். அலுமினியத்தைக் கண்ணெதிரே தின்னும்: கொதிப்பதுபோல நுரைக்கும், பாத்திரம் சூடேறும், வெளிவரும் வாயு ஹைட்ரஜன், அருகில் நெருப்பு இருந்தால் கதை வேறு.

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. நான் முதன்முதலாகக் கையிலெடுத்த அலுமினிய டிராக்டரை ஓர் இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் எடுத்தபோது பெயின்ட் போயிருந்தது. அதோடு ரேடியேட்டரின் கம்பி வரிகளும், பானட்டின் ஓரங்களும், ஸ்டியரிங் தண்டின் பாதிக் கனமும் போயிருந்தன. சப்பிய மிட்டாயைப்போல, எல்லா முனையும் மழுங்கிக் கறுத்துக் கிடந்தது. இன்றும் அதை வைத்திருக்கிறேன்.

அலுமினியத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பொம்மைகளின் வரலாற்றில் ஒரு முக்கியமான கிளை அந்த உலோகத்திலிருந்துதான் தொடங்கியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டுபுக் நகரில், 1945-இல், வேலையில்லாமல் இருந்த ஃப்ரெட் எர்டல் என்ற வார்ப்பாளர் போரில் மிஞ்சிய விமான பிஸ்டன்களை வீட்டுச் சூளையில் உருக்கி, மணல் அச்சில் ஊற்றி டிராக்டர் பொம்மைகள் செய்தார். குடும்பமே சேர்ந்து அவற்றைப் பொருத்திப் பூசியது. அதிலிருந்து வளர்ந்த எர்டல் நிறுவனம் 1959-இல் டையர்ஸ்வில் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. அந்த ஊரில் இன்று வேளாண் பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவருக்கு முன்னரே வார்ப்பிரும்பில் பொம்மை செய்த ஆர்கேடு, விண்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் இருந்தன. அவருக்குப் பிறகு துத்தநாகக் கலவை வந்தது, பிளாஸ்டிக் வந்தது. ஆகவே ஒரே வடிவமுள்ள, ஒரே நிறமுள்ள இரண்டு டிராக்டர்கள் அருகருகே நின்றாலும் அவற்றுக்குள் இருக்கும் உலோகம் வெவ்வேறாக இருக்கலாம். நிறத்தைப் பார்த்து மருந்து கொடுக்காதீர்கள்.

இரட்டைச் சக்கரத்தையும் லோடரையும் பற்றிச் சொல்லும்போது என் மனம் இளகிவிடுகிறது. பழைய பொம்மைகளைச் சேர்ப்பவர்கள் பலர் உருமாற்றம் செய்பவர்களைக் குலத்தைக் கெடுக்கவந்தவர்களைப்போலப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. பித்தளைக் கம்பியால் பின்னச்சை நீட்டி இரண்டாவது சக்கரத்தைப் பொருத்தி, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி லோடரின் கைகளைச் செய்து, 2 மீட்டர் அகலமுள்ள வாளியை 12.5 சென்டிமீட்டராகக் கணக்கிட்டு மடித்து, அந்தக் கைகள் உண்மையிலேயே உயரவும் தாழவும் செய்யும்போது உண்டாகும் மகிழ்ச்சியை நானும் அறிவேன். பழையதாகத் தோன்றச் செய்வதற்கும் தனிக் கலை உண்டு. பழக்கமில்லாதவர்கள் வண்டி முழுவதும் பழுப்பு நிறத்தைத் தெளித்துவிடுவார்கள். சேறு அப்படியெல்லாம் ஒட்டுவதில்லை. சக்கரத்துக்குப் பின்னாலும் மட்கார்டின் உட்புறத்திலும் அப்பும், பானட்டின்மேல் தூசிதான் படியும், கால் வைத்து ஏறும் இடத்திலும் கலப்பையை மாட்டும் துளையைச் சுற்றியும் பெயின்ட் தேய்ந்து உலோகம் பளிச்சிடும். சாக்பீஸைப்போன்ற மென்மையான வண்ணக்கட்டியைத் தூளாக்கித் தூரிகையால் தடவி, மேலே பளபளப்பில்லாத தெளிபூச்சு கொடுத்தால் போதும். இவற்றையெல்லாம் செய்யுங்கள். ஆனால் பெரியப்பாவின் டிராக்டரில் வேண்டாம். சக்கரம் கழன்று, யாரும் சீந்தாமல் கிடக்கும் அண்மைக்காலப் பொம்மை ஒன்றைத் தேடிப்பிடித்து அதில் செய்யுங்கள்.

உருமாற்றம் பொய் சொல்வதில்லை என்பதால்தான் அதன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. இரட்டைச் சக்கரமும் லோடருமாக நிற்கும் வண்டியைப் பார்த்தவுடனே, இதில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். புதுப்பித்தல் அப்படிப்பட்டதல்ல. எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ அவ்வளவுக்குத் தன் தடத்தை அது அழித்துக்கொள்கிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நெஞ்சில் கிடக்கும் ஒன்றை இந்த இடத்தில் எழுதியாக வேண்டியிருக்கிறது.

காஸ்டிக் சோடா பாடத்துக்குப் பிறகு நான் கவனமுள்ளவனாகிவிட்டேன். அடுத்து வந்தது, இரண்டு பாதிகளாக வார்த்து ரிவெட் அடித்து இணைத்த ஓர் அலுமினிய டிராக்டர். களிம்பாகப் பூசும் பெயின்ட் நீக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி, மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்தேன். ரிவெட்டுகளைத் துளையிட்டு அகற்றிய பிறகு, எல்லோரையும்போல ஸ்க்ரூ போட்டு மூடாமல், அலுமினியக் கம்பியை வெட்டிப் புதிய ரிவெட்டுகளை நானே செய்து தலையைத் தட்டி மழுக்கினேன். மெல்லிய பூச்சாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள் இடைவெளி. கடைசியில், நீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் எழுத்துப்படலத்தைப் பானட்டின் இருபுறமும் ஒட்டினேன். இடப்பக்கத்து எழுத்து, பின்முனையில் மயிரிழை அளவு இறங்கிவிட்டது. காய்ந்த பிறகே கவனித்தேன். மீண்டும் செய்யும் பொறுமை இல்லாமல் அப்படியே விட்டுவிட்டு, ஆசையோடு கேட்ட ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, வேறொருவரின் வீட்டில், பூட்டிய கண்ணாடி அலமாரியைத் திறந்து அந்த இளைஞர் தம் சேகரிப்பிலேயே உயர்ந்தது என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். எந்தக் குழந்தையின் கையும் படாதது, வாங்கிய நாளிலிருந்து பெட்டிக்குள்ளேயே இருந்தது, ரிவெட்டுகளைப் பாருங்கள் ஐயா, தொழிற்சாலையில் அடித்ததை யாரும் தொடவேயில்லை என்றார். நான் வண்டியைத் திருப்பி இடப்பக்கத்தைப் பார்த்தேன். அந்த எழுத்து, பின்முனையில், மயிரிழை அளவு இறங்கியிருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அழகாக இருக்கிறது என்று சொல்லி அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை என்று நெடுநாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வேலை தொழிற்சாலை வேலை என்று ஏமாறும் அளவுக்கு நன்றாக இருந்ததில் எனக்குள் ஒரு கர்வம் எழுந்தது என்பதே உண்மை. அந்தக் கர்வம்தான் வாயை அடைத்தது. நண்பர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கைமாறிக் கைமாறிப் போகும்போது சொல்லாமல் விட்டது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய்யாக வளர்ந்திருக்கிறது. அதன் விதை நான் எழுதாமல் விட்ட ஒரே ஒரு வரி.

அன்றிலிருந்து என் கையைக் கடக்கும் எந்த வண்டியும் அடிப்பக்கத்தில் எழுத்தில்லாமல் வெளியே போவதில்லை. பின்னச்சுக்கு மேலே, வண்டியைக் கவிழ்த்தால் மட்டுமே தெரியும் குழிவில், நீரில் கரையாத மையால் ஆண்டை எழுதுவேன். எந்தச் சக்கரம் புதியது, எந்த எழுத்துப்படலம் மறுபதிப்பு, பூச்சு முழுமையா பகுதியா என்பதைச் சுருக்கமாக எழுதுவேன். காய்ந்த பிறகு தெளிபூச்சு கொடுப்பேன். இடம் போதாவிட்டால் ஒரு தாளில் எழுதி, இரண்டு பாதிகளையும் இணைப்பதற்கு முன் உள்ளே வைத்து மூடிவிடுவேன். கழற்றிய உடைந்த பாகங்களை ஓர் உறையிலிட்டு வண்டியோடு சேர்த்தே கொடுப்பேன். பெரிய அருங்காட்சியகங்களில் பழுதுபார்ப்பவர்கள் தாங்கள் தொட்ட ஒவ்வோர் இடத்தையும் பதிவுசெய்வதை நாம் மெச்சுகிறோம். நம் மேசைக்கு வந்தவுடன், இது பொம்மைதானே என்கிறோம். எழுதினால் அழகு கெடும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அடிப்பக்கத்தில் என்ன அழகு ஐயா கெட்டுவிடப் போகிறது? கெடுவது அழகல்ல, ஏமாற்றும் வாய்ப்பு. அதை மட்டும் ஒளிவில்லாமல் ஒப்புக்கொண்டால் நானும் வாதாடுவதை நிறுத்திக்கொள்வேன்.

இவ்வளவையும் உங்கள் கடிதத்துக்குப் பதிலாக எழுதக் காரணம், நீங்கள் அனுப்பிய மூன்றாவது படம். வண்டியைக் கவிழ்த்து எடுத்திருக்கிறீர்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பாதிகளையும் பிடித்திருக்கும் நான்கு இடங்களில் மூன்றில் ரிவெட் இருக்கிறது. பின்பக்கத்து இடத்தில் இருப்பது ஸ்க்ரூ. அதன் பிளவுக்குள் சிவப்பு பெயின்ட் நிறைந்திருக்கிறது. வலப்பக்கத்துப் பின்டயரின் உள்விளிம்பிலும் அதே சிவப்பு ஒழுகியிருக்கிறது. டயரைக் கழற்றாமல் தூரிகையால் பூசியவரின் கைத்தடம் அது. ஆக, நீங்கள் முழுவதுமாக நீக்கிவிடலாம் என்று சொல்லும் அந்தப் பெயின்ட் தொழிற்சாலையில் பூசியதல்ல. யாரோ ஒருவர் முன்னரே ஒருமுறை இதைப் பழுதுபார்த்திருக்கிறார். அவர் உங்கள் பெரியப்பாவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவரும் எழுதிவைக்கவில்லை.

எனவே இப்போதைக்கு எதையும் சுரண்டாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த உப்புத்தாளை அதன் அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிறகு அந்த ஒரு ஸ்க்ரூவை மட்டும், பிளவிலுள்ள பெயின்டை ஊசியால் எடுத்துவிட்டு, பொறுமையாகக் கழற்றுங்கள். மற்ற மூன்று ரிவெட்டுகளையும் தொட வேண்டாம். பின்பக்கம் கொஞ்சம் விலகினாலே போதும், டார்ச் வெளிச்சம் உள்ளே போய்விடும். தூரிகை எட்டாத அந்த இடத்தில் முதல் நிறம் இன்னும் இருக்கும். அது சிவப்புதானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்; பிரைமரைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.

அன்புடன்.