மரத்துப்போற ஊசியும் மைக்ரேன் மாத்திரையும்

கேள்வி: டாக்டர், மைக்ரேனுக்காக ரொம்ப நாளா தினமும் ப்ராப்ரனலால் போடுறேன். இப்ப கடைவாய்ப்பல்லை எடுத்தே ஆகணும்னு சொல்றாங்க. மரத்துப்போற ஊசிக்கும் இந்த மாத்திரைக்கும் ஆகாதுன்னு பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துறாங்க, நிஜமா? போன தடவை வீங்கியிருந்தப்ப ஊசி போட்டும் வலி உயிர் போச்சு, அது ஏன்?
- வாசகி, தேனி

பதில்: அக்கா சொன்னதுல பாதி உண்மைம்மா. பல் டாக்டர் போடுறது பெரும்பாலும் லிக்னோகெயின், 1948ல ஸ்வீடன்ல ஸைலோகெயின்ங்கிற பேர்ல விற்பனைக்கு வந்த அதே மருந்துதான். நரம்புல வலிச் சேதி ஓடணும்னா சோடியம் உள்ள பாயணும், இந்த மருந்து நரம்புக்குள்ள போய் அந்த சோடியம் வாசலை உள்பக்கமா தாழ் போட்டுடும், சேதி மூளைக்குப் போகவே போகாது. ஆனா அழுத்தம் தெரியும், பல்லை இழுக்கிறது தெரியும், அதைப் பார்த்து மரக்கலைன்னு பயந்துடாதீங்க.

சீழ் கோத்த இடத்துல அமிலத்தன்மை ஜாஸ்தி. அங்க மருந்தோட பெரும்பகுதி மின்னூட்டம் ஏறின வடிவத்துக்கு மாறிடும், அந்த வடிவத்தால நரம்போட சவ்வைத் தாண்ட முடியாது. போன தடவை வலிச்சதுக்கு முக்கியமான காரணம் இதுதான், டாக்டர் மேல கோபப்படாதீங்க.

இப்ப உங்க மாத்திரை. ஊசியில ரத்தக்குழாயைச் சுருக்குறதுக்கு கொஞ்சம் அட்ரினலினும் கலந்திருக்கும், பல் ஊசியில 1:80,000, அதாவது எண்பதாயிரத்துல ஒரு பங்கு, ரொம்ப சகஜம். மருந்து சீக்கிரம் ரத்தத்துல கரைஞ்சு போகாம அங்கேயே நிக்கணும்ல, அதுக்குத்தான். அட்ரினலின் சில குழாய்களைச் சுருக்கும், சிலதை விரிக்கும், ப்ராப்ரனலால் அந்த விரிக்கிற வேலையை மட்டும் தடுத்துடுறதால சுருக்கம்தான் மிஞ்சும், பிரஷர் எகிறி நாடித்துடிப்பு குறையலாம். போதாததுக்கு ப்ராப்ரனலால் கல்லீரலுக்குப் போற ரத்தத்தையும் குறைக்கும், லிக்னோகெயினை உடைக்கிறதே கல்லீரல்தான், அதனால மருந்து உடம்புல கூடுதல் நேரம் தங்கும். அடெனலால், மெட்டோப்ரலால் மாதிரி இதயத்தை மட்டும் குறிவைக்கிற மாத்திரைன்னா அட்ரினலினோட இந்தச் சிக்கல் ரொம்பக் கம்மி.

பயந்துக்கிட்டு நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, திடீர்னு விட்டா இதயம் தாறுமாறா அடிக்கும். பல் டாக்டர்கிட்ட மாத்திரை அட்டையைக் காட்டுங்க, அளவைக் குறைச்சு மெதுவா போடுவார், இல்லன்னா அட்ரினலின் இல்லாத ஊசி போடுவார், அது கொஞ்ச நேரம்தான் தாங்கும், அவ்வளவுதான். ஊசிக்கப்புறம் காதுல ரீங்காரம், நாக்குல உலோக ருசி, தலைசுத்தல் வந்தா உடனே வாயைத் திறந்து சொல்லிடுங்க.

கேள்வி: இதய ரத்தக்குழாய் அடைக்காம இருக்க ஸ்டென்ட்ங்கிற வலைக்குழாய் வச்ச அப்பா, ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுறார். பல் எடுக்கிறதுக்கு முன்னாடி நிறுத்தணுமா?
- வாசகர், கரூர்

பதில்: ஊசிக்கும் அதுக்கும் சண்டை கிடையாது, ரத்தம் நிக்க லேட்டாகும், அதான் விஷயம். பஞ்சை வச்சு அழுத்தி, தேவைன்னா தையல் போட்டு பல் டாக்டரே சமாளிச்சுடுவார். இதய டாக்டர் சொல்லாம ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீங்க, ஸ்டென்ட் அடைச்சுக்கிட்டா அப்புறம் பல்லைப் பத்தி யாரும் கவலைப்பட மாட்டாங்க.