கைபேசி ஒன்று போதுமா?

கேள்வி: வகுப்புச் செயல்திட்டத்துக்காக என்னைப் பற்றி மூன்று நிமிடக் காணொளி எடுக்க வேண்டும். சாதாரணக் கைபேசி மட்டுமே உள்ளது. முக்காலியோ மைக்கோ இல்லை. தரமாக எடுக்க முடியுமா?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக முடியும். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு தெளிவாகக் கேட்காவிட்டால் பொறுக்கமாட்டார்கள் என்பதால், முதலில் ஒலியைக் கவனியுங்கள். வீட்டில் ஒருவரின் கைபேசியை இரவல் வாங்கி, குரல் பதிவுச் செயலியை இயக்கி, படத்தில் தெரியாதவாறு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைபேசிகளிலும் பதிவு தொடங்கியபின் ஒருமுறை பலமாகக் கைதட்டினால், தொகுக்கும்போது அந்த ஓசை விழும் இடங்களைப் பொருத்தி, குரலையும் உதட்டசைவையும் இணைத்துவிடலாம். மின்விசிறியை மறவாமல் நிறுத்திவிடுங்கள்.

கைபேசியைப் புத்தக அடுக்கின்மேல் கண்மட்டத்தில் கிடைமட்டமாக நிறுத்தி, பின்பக்கக் கேமராவில் எடுங்கள். ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அலைவது என்பதால், குழல்விளக்கின் கீழ் நொடிக்கு 30 ஃபிரேம் (படச்சட்டம்) வேகத்தில் எடுக்கும்போது இரண்டும் பொருந்தாமல் சில சமயம் பட்டைபட்டையாக மினுக்கம் தெரியும். ஆகவே பகல் வெளிச்சமே மேல்.

எழுதிவைத்துப் படிக்காதீர்கள். நீங்கள் அன்றாடம் செய்யும் ஒரு வேலையைத் தேர்ந்து, அதில் ஈடுபட்டிருக்கும் உங்கள் கைகளை அண்மைக் காட்சியாகத் தனியே எடுத்து வைத்துக்கொண்டால், பேச்சில் வெட்டிய இடங்களை அக்காட்சிகளால் மூடிவிடலாம்.