சிங்களம் வாசிக்கத் தெரியாது, வாக்குமூலம் கொடுக்கப் பொலிஸில் கூப்பிட்டிருக்கிறார்கள்: என்ன செய்யலாம்?

கொழும்பு வெள்ளவத்தையில் வாகனம் நிறுத்தும் இடத்துக்காக அயலவருடன் வந்த வாய்த்தர்க்கம் தள்ளுமுள்ளாகி, அவர் முறைப்பாடு செய்துவிட்டார். நாளை காலை ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் போங்கள். போகாமல் விட்டால் அவர் சொன்னது மட்டும்தான் புத்தகத்தில் இருக்கும். பொலிஸிலிருந்து ஃபோன் எடுத்தவரிடம் அவருடைய பெயர், எந்தப் பிரிவு, முறைப்பாட்டு இலக்கம் என்ன என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். சிங்களம் நன்றாக வாசிக்கக்கூடிய ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சட்டத்தரணியோடும் போகலாம். கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்தில் தோன்றுவதற்கு 2012 இல் வர்த்தமானியில் வந்த விதிகளே இருக்கின்றன. "இந்தச் சின்ன விசயத்துக்கு லோயரா?" என்று யாராவது கேட்டால் தயங்க வேண்டாம்.

இனி வாக்குமூலம். முழு விசயமும் இதில்தான் தங்கியிருக்கிறது. நீங்கள் அரைகுறைச் சிங்களத்தில் சொல்ல, பொலிஸ்காரர் வேகமாக எழுத, கடைசியில் "இங்கே சைன் பண்ணுங்க" என்று புத்தகத்தைத் திருப்புவார். "தள்ளினேன்" என்று நீங்கள் சொன்னது அங்கே "கஹுவா" என்று எழுதப்பட்டிருந்தால், அதன் அர்த்தம் "அடித்தேன்". "அவர் கையை ஓங்கினார், நான் தடுத்தேன்" என்ற வரி விடுபட்டிருந்தால், தற்காப்பு என்று நாளைக்கு நீங்கள் சொல்வதை யாரும் எளிதில் நம்பமாட்டார்கள்.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவின்படி, எழுதிய வாக்குமூலத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசிக்க வேண்டும். எழுதிய மொழி உங்களுக்கு விளங்காவிட்டால், விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தம் சொல்லவும் மேலதிகமாகச் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே "எனக்குத் தமிழில் சொல்லுங்கள், கேட்டுவிட்டுக் கையெழுத்து வைக்கிறேன்" என்று மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். வைக்கும்போது கடைசி வரிக்கு நேர் கீழே வையுங்கள், இடையில் வெற்றிடம் விடாதீர்கள். பெயர்த்துச் சொல்லாமலே வற்புறுத்தினால், "இது சிங்களத்தில் எழுதப்பட்டது, எனக்குத் தமிழில் விளக்கப்படவில்லை" என்று உங்கள் கையால் தமிழில் எழுதி, அதன் கீழ் கையெழுத்திடுங்கள்.

பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிரான சான்றாக நீதிமன்றத்தில் வைக்க முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு அது. (பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நிலைமை வேறு.) அதை நம்பி அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். பிறகு நீங்கள் சாட்சிக் கூட்டில் வேறு மாதிரிச் சொன்னால், "அன்றைக்கு இப்படிச் சொன்னீர்களே" என்று மடக்க இதே வாக்குமூலம் போதும்.

உங்களுக்கும் அடிபட்டிருந்தால் நீங்களும் முறைப்பாடு கொடுங்கள், தாமதிக்காமல். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவின்படி அதை நீங்கள் பேசும் மொழியிலேயே பதிய வேண்டும்; பதிய ஆளில்லை என்றால் உங்களையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். அதனால் வீட்டிலேயே தமிழில் திகதி, நேரம், இடம், பார்த்தவர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பிரதிகள் கொண்டுபோவது நல்லது. காயத்துக்குத் தனியார் மருத்துவமனைத் துண்டு மட்டும் போதாது. சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தைப் பொலிஸில் கேட்டு வாங்கிக்கொண்டு தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள். எலும்போ பல்லோ முறிந்திருந்தால் அது சாதாரண காயமல்ல, தண்டனைச் சட்டக்கோவையில் கடுங்காயம். வழக்கின் பாரமே மாறிவிடும்.

இப்படியான சிறு காயம், அச்சுறுத்தல், அத்துமீறல் போன்றவை பெரும்பாலும் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள மத்தியஸ்த சபைக்குத்தான் போகும். அங்கே சட்டத்தரணி பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள், வழக்கு அதன் பிறகுதான். சபையிலோ ஸ்டேஷனிலோ சமாதானமாகப் போவதாக எழுதினால், "இனிப் பிரச்சினை செய்யமாட்டோம்" என்று இருவரும் எழுதுவதோடு நிறுத்துங்கள். "நான் அடித்தேன், காசு தருகிறேன்" என்ற வாசகம் வேண்டாம்.

வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டால், "குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், தண்டப்பணம் கட்டிவிட்டுப் போகலாம்" என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். வெளிநாடு போக நினைப்பவர் தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். குற்றவாளி என்ற பதிவு பொலிஸ் அறிக்கை எடுக்கும்போது முன்னால் வந்து நிற்கும். காயப்பட்டவர் சம்மதித்தால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 266 ஆம் பிரிவின் கீழ் வழக்கை இணக்கமாக முடிக்கலாம், அது விடுதலைக்குச் சமம். முதலில் அந்த வழியைப் பாருங்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லை என்றால் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், பயண நேரம் தவிர 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சாதாரண காயம் பிணை கொடுக்கக்கூடிய குற்றம்.

பொலிஸார் அடித்தார்கள், காரணமின்றி அடைத்து வைத்தார்கள் என்றால், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரே ஒரு மாதம். பலர் இதை அறியாமலே தவறவிடுகிறார்கள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. தொலைபேசி 1996. நேரில் போய் எழுத்தில் கொடுத்து, திகதி முத்திரை குத்திய பிரதியை வாங்கி வையுங்கள்.